எண்ணாமல் விட்டவர்கள்

எத்தாளையில் எல்லோரும் கடைப்பிடிக்கிற, ஆனால் எவரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று உண்டு. முகநூலில் புனைபெயரில் எழுதுகிறவர் இன்னார் என்று ஊருக்கே தெரிந்திருக்கலாம்; அந்த ஆளின் சொந்தப் பெயரை மட்டும் ஒருவரும் உச்சரிக்கக் கூடாது. எழுதுகிறவரும் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது.

இந்த விதியினால் ஊருக்கு விளைந்த நன்மை சிறிதன்று. ‘எங்கட எத்தாளை’ என்ற முகநூல் குழுவில் வியாழக்கிழமை ஒருவரையொருவர் கிழித்துப் போட்டவர்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஒரே வரிசையில் தோளுரச நிற்பது இதனால்தான். பெயரில்லாத எழுத்துக்கு மறுப்பு எழுதலாம். அதனோடு கோபித்துக்கொள்ள வழியில்லை.

பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவர் அலியார் ஹாஜியார், ஊரை ஒட்டிய உப்புநீர்க் களப்பின் கரையில் வரப்போகும் சுற்றுலா வலயத்தை வரவேற்றுத் தம் பக்கத்தில் எழுதியபோது நடந்ததைப் பாருங்கள். அன்று மாலையே குழுவில் ‘கரைக்காத்து’ என்ற பெயர் பதில் எழுதியது: “ஹாஜியார் கரையக் குடுத்துட்டு ரோட்ட வாங்குறார். ரோட்டில மீன் நீந்துமா எண்டு கேட்டுச் சொல்லுங்க, சரியா.”

மறுநாள் ஹாஜியார் தம் தங்கை சுல்பாவின் வீட்டில் பகல் சோறு உண்டார். “அந்தக் கரைக்காத்து நல்லாத்தான் எழுதுறான்” என்று ஆண்பாலில் பாராட்டிவிட்டுத் தட்டை நீட்டினார். சுல்பா இன்னொரு கரண்டி இறால் ஆணம் ஊற்றினார். இருவரும் அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கரைக்காத்து சுல்பாதான் என்பது அந்த வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

சென்ற வாரம் சுல்பாவின் மகள் அஸ்னாவை, அவளுடைய மடிக்கணினியில் தோன்றிய ஒரு பச்சை வட்டத்தின் முன்னால் விட்டுவந்தோம். மக்கள் இணையத்தில் எழுதுவதைத் திரட்டி, அதில் ஆதரவு எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவு என்று பகுத்து, படமாக வரைந்து கொடுப்பது அவள் தொழில். கொழும்பு ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே அதைச் செய்கிறாள். சில நூறு பின்னூட்டங்களுக்கு அவள் தன் கையால் அடையாளமிடுவாள். அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரல், எஞ்சிய ஆயிரக்கணக்கானவற்றுக்குத் தானே அடையாளமிடும். ஆதரவு பச்சை. எதிர்ப்புச் சிவப்பு. இரண்டுமற்றது சாம்பல்.

இம்முறை நிறுவனம் அவளிடம் கொடுத்தது அவளுடைய சொந்த ஊரை. வலயத்தின் வேலி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கு இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்றில், மீனவர்கள் படகு கட்டுகிற வேம்படித் துறை வேலிக்கு வெளியே நின்றது. மற்றதில் உள்ளே போனது. உள்ளே போனால், அவளுடைய வாப்பா ஹமீடின் மீன்பிடிப் போட்டும் அங்கே கட்டுகிற மற்றப் போட்டுகளும் முனைக்கு அப்பால் போயாக வேண்டும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் அந்தப் பக்கம் போட்டை ஏற்றவும் ஏலாது, இறக்கவும் ஏலாது. ஊரார் எதிர்த்தால் துறையை விட்டுவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். எதிர்ப்பு இருக்கிறதா என்று அறியத்தான் அஸ்னாவின் படம்.

படமோ பச்சையாக வந்திருந்தது. அதை இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில், ஊரார் முன்னிலையில் அவள் விளக்க வேண்டும்.

*

காலையில் அஸ்னா பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தாள். படத்தை நம்பாதபோது மூலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவள் கற்றுக்கொண்ட முதற் பாடம். அடிக்கடி வருகிற சொல்லைப் பெரிதாகவும் அரிதாக வருவதைச் சிறிதாகவும் காட்டும் சொல்மேகத்தின் நடுவில், மற்ற எல்லாச் சொற்களையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு ‘மாஷா அல்லாஹ்’ வீற்றிருந்தது. அலியார் மாமாவின் பதிவுக்குக் கீழே அது வரிசைவரிசையாக இறங்கிக்கொண்டே போனது.

அந்த வரிசையில் அவள் ஒரு பெயரைக் கண்டு நின்றாள். ‘மாஷா அல்லாஹ் மச்சான், நல்ல விசயம்.’ எழுதியவர் ஹமீட்.

ஹமீட் கடலிலிருந்து வந்து, குளித்துவிட்டு, மேசையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அஸ்னா கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் தட்டுக்கு அருகில் வைத்தாள்.

“வாப்பா, இது நீங்க எழுதினதா?”

அவர் குனிந்து பார்த்தார். “ஓம். நான்தான்.”

“உங்கட துறையப் புடிக்கிற திட்டத்துக்கு நீங்களே நல்ல விசயம் எண்டு எழுதியிருக்கிறீங்க.”

“மச்சான் போட்டிருக்கிறார். கண்டுட்டுப் பேசாமப் போறதா?”

“இதில நீங்க ஓம் எண்டு சொன்னதாத்தான் வருது.”

“நான் எங்க ஓம் எண்டு சொன்ன?” ஹமீட் சம்பலைப் பாணில் தடவினார். “வந்தன் எண்டு சொன்ன. கலியாண வீட்டுக்குப் போனா மாஷா அல்லாஹ் எண்டுதான் சொல்ற. மாப்புள சரியில்ல எண்டு வாசல்ல நிண்டு ஆராச்சும் சொல்லுவாங்களா?”

அஸ்னா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். அவர் சொன்னதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஹாஜியார் ஒன்றைப் பதிவிட்டால் ஊர் போய்த் தலையைக் காட்ட வேண்டும். காட்டாதவரின் பெயர் கவனிக்கப்படும். அடுத்த முறை அவருடைய வீட்டு ஜனாஸாவிலோ நிக்காஹ்விலோ அது நினைவுகூரப்படும். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் அடையாளமிட உட்கார்ந்தபோது, பாடசாலைப் பெறுபேறு பற்றிய முந்தைய ஆய்வின் வழிகாட்டியை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். அங்கே ‘மாஷா அல்லாஹ்’ பிள்ளைகளைப் பாராட்டியது, ஆகவே ஆதரவு. நிரல் அதைக் கற்றுக்கொண்டு, வாப்பாவையும் அவருடைய துறையை இழந்துவிடச் சம்மதித்தவராக எண்ணிவிட்டது.

ஒரு சொல்லை அது சொல்லப்பட்ட வாசலிலிருந்து பெயர்த்தெடுத்துத் தனியே வைத்து வாசித்தால் நேர்வது இதுதான். அந்தப் பிழை கணினிக்குத் தெரியாமல் நேர்ந்தது. அவளுக்குத் தெரிந்தே நேர்ந்தது.

“அப்ப உண்மையா உங்கட கருத்து என்ன வாப்பா?”

“துறை போனா நான் எங்க போறது?” என்றார் ஹமீட், இதையெல்லாம் ஒரு கேள்வியாகக் கேட்கிறாளே என்ற வியப்புடன். “அது எல்லாருக்கும் தெரியுந்தானே.”

“எங்கயாச்சும் எழுதியிருக்கிறீங்களா?”

“என்னத்துக்கு எழுதோணும்? எழுதுற ஆள் எழுதுதுதானே.”

எழுதுற ஆள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஓசை இருவருக்கும் கேட்டது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

*

எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. அது வேறு இடத்தில் இருந்தது. ‘எங்கட எத்தாளை’ குழுவில் கரைக்காத்து, களப்பு ராஜா, திரளி மீன், உண்மை விளம்பி என்று பல பெயர்கள் நாள்தோறும் வேலியைப் பற்றி எழுதின. ஆனால் அடையாளமிட்டு முடிந்ததும், கணக்கிடத் தொடங்கும் முன்னரே நிறுவனத்தின் நிரல் தரவைச் சுத்தம் செய்யும். சொந்தப் பெயரும் முகமும் இல்லாத கணக்குகளை அது போலி என்று ஒதுக்கிவிடும். ஊரின் மரியாதை முழுவதும் எண்ணப்பட்டது. ஊரின் கருத்து முழுவதும் கழிக்கப்பட்டது.

அஸ்னா இரண்டாவது படமொன்றை வரைந்தாள். தலையைக் காட்ட மட்டும் வந்த பின்னூட்டங்களைச் சாம்பல் ஆக்கினாள். ஒதுக்கப்பட்ட பெயர்களைத் திரும்பச் சேர்த்தாள். ஒவ்வொரு பின்னூட்டமும் கரையில் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறதோ, அந்த இடத்தில் ஒரு புள்ளியாக விழச் செய்தாள். வேம்படித் துறை சிவந்து, புள்ளி மேல் புள்ளி ஏறி, மணல் தெரியாமற் போயிற்று.

அந்தப் படத்தை அனுப்பிவிட்டு, கொழும்பிலுள்ள தன் மேலதிகாரி ஷானிகாவுடன் சிங்களத்தில் பேசினாள். கூட்டத்துக்காக ஷானிகா ஏற்கெனவே வாகனத்தில் புறப்பட்டிருந்தாள். கலியாண வீட்டு மரியாதை போல வந்த பின்னூட்டங்கள் பற்றிய விளக்கத்தை அவள் பொறுமையுடன் கேட்டாள். அதை அறிக்கையின் அடிக்குறிப்பில் சேர்க்கவும் சம்மதித்தாள். இரண்டாவது படத்துக்குத்தான் மறுத்தாள்.

அவள் மறுத்ததில் நியாயம் இருந்தது. அஸ்னாவை எரிச்சலூட்டியதும் அந்த நியாயந்தான். சென்ற வருடம் வேறொரு மாவட்டத்தில் ஒரு கொம்பனி, அறைக்குள் சில பேரை உட்கார வைத்து ஏராளமான போலிக் கணக்குகளில் ஆதரவு எழுதுவித்ததை ஷானிகா நினைவூட்டினாள். நாளை இங்கேயும் அப்படி நடந்தால், அவற்றையும் உன் படத்தில் சேர்ப்பாயா என்று கேட்டாள்.

இவர்கள் உண்மையான ஆட்கள் என்று அஸ்னா சொன்னாள். எப்படித் தெரியும் என்று ஷானிகா கேட்டாள். எனக்குத் தெரியும் என்றாள் அஸ்னா. யார் என்று சொல் என்றாள் ஷானிகா.

பெயர்கள் அஸ்னாவின் நாவின் நுனியில் நின்றன. ஒன்றைக்கூட வெளியே தள்ள முடியவில்லை.

முடிவில் ஷானிகா ஒரு வழி விட்டாள். அந்தக் கணக்குகளில் ஒருவராவது முன்வந்து, இது நான்தான் என்று சொந்தப் பெயரில் சொல்லட்டும். அதைக் கொண்டு இரண்டாவது படத்தை மறுபரிசீலனைக்கு அனுப்புகிறேன். அதுவரைக்கும் மண்டபத்தில் முதற் படத்தைத்தான் காட்ட வேண்டும் என்றாள்.

*

களப்பு ராஜா யார் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று புள்ளி வைத்து எழுதுகிற பழக்கம், ஐஸ் உடைக்கிற நுஸ்கியைத் தவிர வேறு எவருக்கும் கிடையாது. மீன் விலைப் பலகையிலும் அவன் அப்படித்தான் எழுதுவான்.

அஸ்னா கரைக்குப் போனபோது நுஸ்கி மீன் அடுக்கும் ரெஜிபோம் பெட்டிகளுக்குள் ஐஸ் நிரப்பிக்கொண்டிருந்தான். சுற்றிலும் நாலைந்து பேர் நின்றார்கள். அவனை அண்ணன் முறையில் நானா என்று அழைத்து, அவள் சுற்றிவளைத்துத்தான் தொடங்கினாள். விதி அவளையும் கட்டியிருந்தது.

“நுஸ்கி நானா, களப்பு ராஜாவ எங்கயாச்சும் கண்டா ஒரு செய்தி சொல்லோணும்.”

நின்றவர்களில் ஒருவன் இருமினான். நுஸ்கி நிமிராமலே, “கண்டா சொல்றன் தங்கச்சி. என்ன செய்தி?” என்றான்.

கொழும்பு நிறுவனம் சொன்னதை அவள் விளக்கினாள். ஒரேயொரு ஆள் பெயரைச் சொன்னால் போதும், துறையைக் காப்பாற்ற ஒரு வழி கிடைக்கும் என்றாள்.

“நல்ல விசயந்தான்” என்றான் நுஸ்கி. “ஆனா ராஜா கொஞ்சம் பயந்த ஆள் எண்டு கேள்வி.”

“ராஜா எண்டு பேர் வச்சிட்டுப் பயப்புடுறதா?” என்றான் இருமியவன். எல்லோரும் சிரித்தார்கள். நுஸ்கியும் சிரித்தான்.

அஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “உங்கட போட்டும் வேம்படியிலதானே கட்டுறீங்க?”

“என்ட போட்டு அங்கதான். ராஜாட போட்டு எங்க கட்டுற எண்டு எனக்கெப்படித் தெரியும்?”

அவள் போகாமல் நின்றாள். மற்றவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு லொறியின் பக்கம் விலகிய பிறகு, நுஸ்கி குரலைத் தாழ்த்தினான்.

“தங்கச்சி, அந்த லொறி ஆர்ட? உங்கட மாமாட. என்ட மீன் டவுனுக்குப் போறது அதிலதான். போன பெருநாளைக்கு என்ட உம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்த லொறிதான். அவர்ட முகத்தப் பாத்து நான் என்னெண்டு சொல்ற?”

“எழுதுறீங்கதானே?”

“ஆரு எழுதுற?” என்று கேட்டுவிட்டு, நுஸ்கி மறுபடியும் ஐஸை உடைக்கத் தொடங்கினான்.

திரளி மீனின் வீட்டில் கதவு திறக்கப்படவில்லை. உண்மை விளம்பி, தான் முகநூலே பார்ப்பதில்லை என்று அவளிடம் சொன்னார். சொல்லும்போது அவருடைய கையில் அது திறந்துதான் இருந்தது.

*

நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் தாண்டி அஸ்னா வீட்டுக்கு வந்தாள். சுல்பா அடுப்பை அணைத்துவிட்டு, குசினி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் துப்பரவாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய போன் தட்டுத் துடைக்கும் துணிக்கு அடியில் இருந்தது.

அஸ்னா எதிரில் உட்கார்ந்தாள்.

“உம்மா, கரைக்காத்து எண்டு ஒரு ஆள் எழுதுது.”

“எழுதட்டும்.”

“அந்த ஆள் எழுதின எல்லாத்தையும் நான் கழிக்க வேண்டி வருது.”

சுல்பாவின் கை நின்றது. “ஏன்? பொய்யா எழுதியிரிக்கி?”

“இல்ல. பேர் இல்லயாம்.”

“பேர் இரிக்கிதானே. கரைக்காத்து.”

“அது பேரில்லயாம் உம்மா. ஆளே இல்லயாம். வாப்பாவ எண்ணியாச்சி. வாப்பா ஓம் எண்டு சொல்லிட்டார். கரைக்காத்து எதிர்த்துச் சொன்னா, அத எண்ண ஏலா.”

சுல்பா ஒரு வெங்காயத்தை எடுத்து, அதன் தோலை முழுவதும் உரித்தார். அஸ்னா காத்திருந்தாள். பல நாட்களாக இந்த வீட்டில் அவள் கணினிக்குள் தாயின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்து எதிர்ப்பு, எதிர்ப்பு என்று அடையாளமிட்டுக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் தாய் அடுத்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தார். எவ்வளவு கூர்மையான வாக்கியங்கள். படித்த எவரும் பொறாமைப்படக்கூடிய சுருக்கம். அதைக்கூட அவள் இதுவரை வாயால் சொன்னதில்லை.

“அந்த ஆள் வந்து சொன்னா என்ன?” என்றாள் அஸ்னா. “ஒரு வார்த்தைதானே.”

“அந்த ஆள் ஒரு பொம்புளயா இருந்தா?” சுல்பா தலையைத் தூக்காமல் கேட்டார். “அவவுக்கு ஒரு நானா இருந்தா? புருசன் கடலுக்குப் போக ஏலாமக் கிடந்த காலம் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து தந்த நானா. அவவுக்கு ஒரு மகள் இருந்து, அந்த மகளுக்கும் நானாட மகனுக்கும் அடுத்த மாசம் நாள் வைக்கப் பேசியிரிந்தா? அப்ப அவ என்னத்தச் சொல்ற?”

அஸ்ஹானைப் பற்றித்தான் சொல்கிறார். அலியார் மாமாவின் மகன். அவனோடு தனக்குப் பேசிய கலியாணத்தை அஸ்னா விரும்பியே சம்மதித்தாள் என்பதை இத்தொடரின் வாசகர்கள் அறிவார்கள்.

“அந்த மகள்ட்ட ஆராவது கேட்டாங்களா?” என்றாள்.

“அந்த மகள் சின்னப் புள்ள. இண்டைக்கு ஒண்டு சொல்லுவா, பொறகு அழுவா.”

“நான் அழமாட்டன்.”

“நான் உன்னச் சொல்லயில்ல” என்றார் சுல்பா. “ஆரோ ஒரு ஆளச் சொன்ன.”

அஸ்னா எழுந்தாள். கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நெஞ்சில் நின்றது. ஷானிகாவைக் கோபிக்க முடியவில்லை. அவள் சொன்னது சரி. நுஸ்கியைக் கோபிக்க முடியவில்லை, லொறி உண்மை. உம்மாவையும் முடியவில்லை. எல்லோரும் ஒன்றையே விரும்புகிறார்கள், ஒருவரும் அதைச் சொல்லமாட்டார்கள். சொல்லாததை எண்ணும் நிரலை எவர் எழுதுவது?

“கூட்டத்துக்கு வாறீங்களா?” என்று கேட்டாள்.

“பொம்புளயள் பக்கம் இடமிருந்தா வாறன்.”

*

மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் இடப்புறம் ஒரு திரைச்சீலைக்கு அப்பால். வேலி விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் மேசையில் இருந்தார்; பக்கத்தில் ஷானிகா; நடுவில் அலியார் ஹாஜியார். படம் காட்டும் கருவியை அஸ்ஹான் இயக்கினான். அவன் அஸ்னாவைப் பார்த்துச் சிறிதாகத் தலையசைத்தான். அவள் திரும்பி அசைக்கவில்லை.

ஹாஜியார் சலாம் சொல்லித் தொடங்கினார். வலயம் வந்தால் ரோட்டு வரும், இளைஞர்களுக்குத் தொழில் வரும், பிள்ளைகள் கட்டாருக்குப் போய் வெயிலில் காய வேண்டியதில்லை என்றார். அவர் அதை மனதார நம்பினார். தாம் சொல்வதையே நம்பாத மனிதரோடு சண்டையிடுவது எவ்வளவு எளிது என்று அஸ்னா நினைத்தாள்.

பிறகு வெள்ளைச் சுவரில் பச்சை வட்டம் விழுந்தது. ஓரத்தில் நூல் போல ஒரு சிவப்பு. அஸ்னா எழுந்து நின்று, இது இணையத்தில் எழுதப்பட்டவற்றின் தொகுப்பு என்றாள். சேகரித்த முறையைச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு கணம் தயங்கிவிட்டு, அறிக்கையில் எழுதிக்கொடுக்கப்படாத வாக்கியத்தைச் சொன்னாள்.

“இதில இருக்கிற பச்சையில கனபேர், ஹாஜியார்ட பதிவுக்கு மரியாதைக்கு வந்தவங்க. அவங்கட கருத்து இதில இல்ல.”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து உடனே அடங்கிற்று. முன்வரிசையில் சில முகங்கள் இறுகின. மரியாதையை மரியாதை என்று பெயர் சொல்லி அழைத்தால் அது அவமரியாதையாக மாறிவிடுகிறது.

ஹாஜியார் கோபப்படவில்லை. சிரித்தார். “அப்ப என்ன மகள், ஊர் பொய் சொல்லுதா?”

ஆம் என்றால் ஊரைப் பழித்தவள் ஆவாள். இல்லை என்றால் வட்டம் உண்மையாகிவிடும். ஷானிகாவுக்குத் தமிழ் விளங்கவில்லையாயினும் நிலைமை விளங்கியது; அவள் பேனையை மூடி வைத்தாள்.

உத்தியோகத்தர் இதை நீட்ட விரும்பவில்லை. படத்தை விடுங்கள், ஆட்களே இங்கே இருக்கிறார்களே என்று இலகுவான தமிழில் சொன்னார். வேம்படித் துறை வேலிக்குள் போவதை விரும்பாதவர்கள் கையைத் தூக்கலாம்.

எவரும் தூக்கவில்லை.

அஸ்னா தன் வாப்பாவைத் தேடினாள். ஹமீட் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்; வலை இழுத்து வெடித்த விரல்களை ஒன்றோடொன்று கோத்திருந்தார். நுஸ்கி தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியை ஆராய்ந்தான். உண்மை விளம்பி குனிந்து செருப்பைச் சரிசெய்தார். இந்த மண்டபத்தில் எதிர்த்து எழுதிய பாதிப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய வாக்கியங்கள் அவளுக்கு மனப்பாடம். அவர்கள் எல்லோரும் இப்போது மச்சானாகவும் அயலவராகவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

உத்தியோகத்தர் தாளில் ஏதோ எழுதத் தொடங்கினார்.

“பேர் உள்ள ஆக்கள் எல்லாம் ஓம் எண்டாச்சி” என்றார் ஹாஜியார், ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டு. “இனி குழுவில எழுதுற பேரில்லாத ஆக்களுக்கு நாங்க என்ன செய்ய? அப்பிடி ஆக்கள் இந்த ஊரில இல்ல.”

திரைச்சீலைக்கு அப்பால் ஒரு கதிரை பின்னால் நகர்ந்தது. சீலையை ஒரு கை ஒதுக்கியது.

“இரிக்கி நானா” என்றார் சுல்பா.

ஒலிவாங்கி இல்லாமலே அந்தக் குரல் மண்டபத்தின் கடைசிவரை போயிற்று. ஹாஜியார் தம் தங்கையைப் பார்த்தார். அவருடைய முகத்தில் முதலில் வந்தது கோபமன்று, எச்சரிக்கை. விழப்போகிற ஒருத்தியைத் தாங்கிப் பிடிக்க நீட்டுகிற கை போல அவர் சொன்னார்:

“சுல்பா, இரி. அது ஆரோ வெளியூர்ப் பொடியன் எழுதுறது. அதுக்கு நீ ஏன்?”

அவர் தங்கைக்கு விதியைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார். அதைப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், ஹாஜியாரின் அடுத்த பகல் சோறும் இறால் ஆணத்தோடு போயிருக்கும். அடுத்த மாதம் நாள் வைக்கப் பேச வந்திருப்பார்கள்.

“வெளியூர் இல்ல நானா. உங்களுக்கும் தெரியும், இங்க இரிக்கிற எல்லாருக்கும் தெரியும்.”

சுவரிலிருந்த பச்சை வட்டம் சட்டென்று மறைந்தது. அஸ்ஹான் கருவியை அணைத்திருந்தான். தகப்பனுக்காகவா, மாமிக்காகவா என்பதை அவன் முகத்திலிருந்து அஸ்னாவால் வாசிக்க முடியவில்லை. அவன் அவளைப் பார்க்காமல், அவளுடைய தாயின் பக்கம் திரும்பியிருந்த கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சுல்பா சீலையை முழுவதும் விலக்கிவிட்டு, ஆண்கள் பக்கத்துக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றார். முக்காட்டின் ஓரத்தைச் சரிசெய்தார். உத்தியோகத்தரின் பேனையை நேராகப் பார்த்துச் சொன்னார்:

“எழுதுங்க ஐயா. கரைக்காத்து நான்தான். என்ட பேர் சுல்பா. வேம்படியில போட்டு கட்டுற ஹமீட்ட பொஞ்சாதி. அலியார் ஹாஜியார்ட கூடப்பொறந்த தங்கச்சி. அந்த வேலி எனக்கு வேணா.”